லேபுக்கு அனுப்பும் முன்

கலர் லேபின் அச்சு இயந்திரத்துக்குள் முழு இருட்டு. ரோலாகச் சுற்றிய போட்டோ தாள் அந்த இருட்டில் மெல்ல நகர்ந்து வர, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர் கதிர்கள் வேகமாகச் சுழலும் பலபட்டைக் கண்ணாடியில் பட்டு, தாளின் குறுக்கே வரி வரியாக ஓடுகின்றன. தாளில் பூசியிருக்கும் வெள்ளி உப்புகள் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்கின்றன. அடுத்து தாள் டெவலப்பர் தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கே சுமார் 45 விநாடி. சிவப்பு லேசர் பட்ட இடத்தில் சயான் சாயமும், பச்சை பட்ட இடத்தில் மெஜந்தாவும், நீலம் பட்ட இடத்தில் மஞ்சளும் உருவாகின்றன. அடுத்த தொட்டி வெள்ளியைக் கழற்றிக்கொண்டு போய்விட, தாளில் சாயம் மட்டும் மிஞ்சுகிறது. கழுவி, உலர்ந்து, சில நிமிடங்களில் படம் வெளியே வந்து விழுகிறது.

மை இல்லை, புள்ளியும் இல்லை. இங்க்ஜெட் பிரிண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மைத்துளிகள் தெரியும். லேசர் பதித்த போட்டோ தாளில் ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்துபோவதுதான் தெரியும். ஃபியூஜி நிறுவனம் 1996இல் ஃப்ரன்டியர் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, பிலிம் காலத்து ரசாயனமும் கம்ப்யூட்டர் காலத்து எண்களும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தன. கல்யாண ஆல்பத்துக்கும் கண்காட்சிப் படத்துக்கும் இன்றும் பலர் இந்த வகைத் தாளைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த இயந்திரத்துக்கு வேண்டியது எண்கள். தாளின் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். கேட்டபடி எண்கள் வராவிட்டால் அது நின்றுவிடாது. குறைந்தால் இட்டு நிரப்பும், கூடினால் கழிக்கும், நீள அகலம் பொருந்தாவிட்டால் வெட்டும், நிறத்தின் விவரம் இல்லாவிட்டால் தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும், படம் இருட்டு என்று பட்டால் வெளுக்கும். படத்தில் இருப்பது யார், என்ன சேலை, எந்த நேரத்து வெயில் என்று எதுவும் தெரியாமலே அத்தனையையும் செய்யும். லேபுக்குக் கோப்பைத் தயார் செய்வது என்றால், இந்த முடிவுகளை இயந்திரத்தின் கையில் விடாமல், படம் எடுத்தவரே முன்கூட்டி எடுத்துவிடுவது.

முதலில் அளவு. லேப்களில் எல்லோர் வாயிலும் வரும் 300 என்ற எண், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், மனிதக் கண்ணிலிருந்து பிறந்தது. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். படத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கோணம் தாளில் 0.087 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் அப்படி 291 அடங்கும். முழு எண்ணாக்கினால் 300. 2010இல் ஐபோன் 4 வெளிவந்தபோது அதன் 326 பிக்சல் திரைக்கு ரெட்டினா என்று பெயர் வைத்ததற்கும் ஸ்டீவ் ஜாப்ஸ் இதே கணக்கைத்தான் காரணமாகச் சொன்னார். அச்சு இயந்திரங்களும் இந்த எண்ணை ஒட்டியே நிற்கின்றன. ஃப்ரன்டியர் 300, பெரிய படங்கள் அடிக்கும் லைட்ஜெட் மில்லிமீட்டருக்கு 12, அதாவது அங்குலத்துக்கு 304.8, டர்ஸ்ட் லாம்ப்டா 200 அல்லது 400.

இதை வைத்துக்கொண்டால் மீதி பெருக்கல்தான். 8×12 அங்குலப் படத்துக்கு 2400×3600 பிக்சல், சுமார் 86 லட்சம். 12×36 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு 3600×10800, கிட்டத்தட்ட 3 கோடியே 90 லட்சம். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படம் 20×13 அங்குலம் வரை தாங்கும். 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். உலகின் முதல் டிஜிட்டல் படம் என்று போற்றப்படும் அதன் அளவு 176×176 பிக்சல். இன்றைய லேபில் 300 கணக்கில் அடித்தால் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் வரும். அதையே 8 அங்குலத்துக்கு இழுத்தால் படம் உடையும், அதாவது பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் தனியே தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோப்பின் விவரத்தில் 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது கோப்பின் ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பு, அவ்வளவே. 6000×4000 பிக்சல் இருந்தால் அந்தக் குறிப்பு 72 என்றாலும் 300 என்றாலும் படம் ஒன்றுதான். பிக்சலைத் தொடாமல் குறிப்பை மட்டும் 300 ஆக்கினால் எதுவும் கூடுவதில்லை. தூரத்தையும் மறக்கக் கூடாது. ஹாலில் மாட்டும் 40×60 அங்குலப் படத்தை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்கு அங்குலத்துக்கு 60 பிக்சலே போதும். அதே 24 மெகாபிக்சல் கோப்பு அந்த அளவில் 100 பிக்சல் கொடுக்கிறது. கிட்டப்போய்ப் பார்க்கிறவர்களுக்காக 150 வரை ஏற்றிக்கொள்வது நல்லது. அந்த ஏற்றத்தைப் படம் எடுத்தவரே நல்ல மென்பொருளில் செய்து, கண்ணால் பார்த்து அனுப்ப வேண்டும்.

நீள அகல விகிதம் சின்ன விஷயம், ஆனால் தலை போவது அதில்தான். கேமராவின் 3:2 விகிதம் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவின் 24×36 மில்லிமீட்டர் பிலிமிலிருந்து வருகிறது. பெரும்பாலான செல்போன்கள் 4:3. கேமரா படத்தை 8×10இல் கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். செல்போன் படத்தை 4×6இல் கேட்டால் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு. குழுப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவை வெட்டலாமா, காலடியில் இருக்கும் கம்பளத்தை வெட்டலாமா என்பது வீட்டாருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. ஓரம் வரை அடிக்கும் பிரிண்டில் நாலு பக்கமும் சில மில்லிமீட்டர் வழக்கமாகவே போகும். அதற்கும் இடம் விட்டு வெட்ட வேண்டும்.

இனி நிறம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

200, 60, 40 என்று மூன்று எண்களைச் சொன்னால் அது என்ன சிவப்பு? எந்த அளவுகோலில் என்று சொல்லாதவரை பதில் இல்லை. 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும், ஜான் கில்ட் 7 பேரையும் உட்கார வைத்து, மூன்று வண்ண விளக்குகளைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு நிறத்தையும் பொருத்தச் சொன்னார்கள். அந்த 17 பேரின் கண்களிலிருந்து 1931இல் உருவான நிற வரைபடத்தின் மேல்தான் இன்றைய டிஜிட்டல் நிறம் முழுவதும் நிற்கிறது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, அந்த வரைபடத்துக்குள் சாதாரண டியூப் மானிட்டர் காட்டக்கூடிய பகுதியை மட்டும் வேலி போட்டு எடுத்தது. 1999இல் அது சர்வதேசத் தரமாயிற்று.

அடோபி ஆர்ஜிபி வந்த விதம் வேறு. 1998இல் போட்டோஷாப் 5க்கு அகலமான நிற வெளிகளைத் தேடிய அடோபி பொறியாளர்கள், ஒரு தொலைக்காட்சித் தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்தார்கள். அவை அந்தத் தரத்தின் உண்மையான எண்களே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அச்சுக்காரர்களுக்கு அந்த வெளி பிடித்துப்போயிருந்தது. பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டார்கள். எஸ்ஆர்ஜிபிக்கும் அதற்கும் சிவப்பும் நீலமும் ஒரே முனைதான், பச்சை முனை மட்டும் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. மயில்கழுத்து நிறமும் கடலின் பச்சை நீலமும் அதில் கூடுதலாக அடங்கும்.

அகலமான வெளி நல்லதுதானே என்று அதிலேயே கோப்பை அனுப்புவதில்தான் ஆபத்து. லேபின் மென்பொருள் கோப்போடு வரும் நிற அடையாளத்தை, அதாவது ஐசிசி புரொஃபைலை, படிக்காமல் விட்டால் எல்லா எண்களையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது சேலை மங்கும், முகத்தில் ரத்தமே இல்லாதது போலாகும். 2016இன் ஐபோன் 7 தொடங்கி ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற வேறொரு வெளியில் படம் எடுக்கின்றன. அவற்றுக்கும் இதே கதிதான். லேப் வேறு ஏதாவது கேட்டால் ஒழிய எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலைக் கோப்போடு சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு. போட்டோஷாப்பில் இதற்கான கட்டளை கன்வெர்ட் டு புரொஃபைல். அதன் பக்கத்திலேயே இருக்கும் அசைன் புரொஃபைல் எண்களை அப்படியே விட்டுவிட்டு அளவுகோலை மட்டும் மாற்றும், அதனால் நிறம் கெடும்.

ஒரு காஞ்சிபுரம் பட்டை உருப்பெருக்கிப் பார்க்கலாம். அரக்குச் சிவப்பு உடல், ஜரிகை பார்டர். மண்டப வெளிச்சத்தில் மடிப்பின் உச்சியில் சிவப்பு எண் 255ஐத் தொட்டுவிடுகிறது. பக்கத்து மடிப்பு கொஞ்சம் இருண்டது, ஆனால் எஸ்ஆர்ஜிபியின் வேலிக்குள் வரும்போது அங்கேயும் 255. பச்சையோ இரண்டு இடத்திலும் 0 ஆகிவிட்டது. இரண்டு மடிப்புக்கும் ஒரே எண் என்றால் தாளில் மடிப்பே இல்லை. நெசவு மறைந்து சிவப்பு அட்டை ஒட்டியதுபோல ஆகிவிடும். மூன்று நிறமும் சேர்ந்த ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால் இது தெரியாது, சிவப்பின் ஹிஸ்டோகிராமைத் தனியாகத் திறந்தால்தான் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். கேமராவின் ரா கோப்பிலேயே அந்தச் சிவப்பின் செறிவைச் சற்றுக் குறைத்துவிட்டு மாற்றினால் மடிப்புகள் திரும்பி வரும். கொஞ்சம் அடக்கமான சிவப்பில் நெசவு தெரிவது, பளீர்ச் சிவப்பில் நெசவு தெரியாமல் போவதைவிட எவ்வளவோ மேல். சேலையைப் பார்த்துப் பார்த்து வாங்கிய குடும்பத்துக்கு அந்த நெசவுதான் முக்கியம்.

தாளுக்கும் சொந்த வேலி உண்டு. 0, 255, 0 என்ற பச்சையைத் திரை மின்னிக் காட்டும். சாயத்தால் அது ஒருபோதும் ஆகாது. 0, 0, 255 நீலம் தாளில் மங்கிய ஊதாவாக இறங்கும். நல்ல லேப்கள் ஒவ்வொரு தாளுக்கும் புரொஃபைல் தருகின்றன. அதைப் போட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ ஏற்றி சாஃப்ட் புரூஃப் போட்டுப் பார்த்தால், எந்த நிறம் தாளுக்குள் அடங்காது என்று திரையிலேயே காட்டிவிடும்.

லேப்களுக்கு வரும் புகார்களில் முதலிடம் ‘படம் இருட்டா வந்திருக்கு’ என்பது. காரணம் பெரும்பாலும் திரைதான். வாசிக்க வசதியான 500 லக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் சதுர மீட்டருக்கு சுமார் 140 கேண்டெலா ஒளியைத் திருப்பி அனுப்பும். வீட்டு ஹாலில் மாலை விளக்கு 150 லக்ஸ் என்றால் தாளின் வெள்ளை 43தான். செல்போன் திரையோ வெயிலில் 500ஐ எளிதாகத் தாண்டும். அந்தத் திரையில் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று முடிவு செய்த படம் தாளில் இருண்டுதான் தெரியும். எடிட் செய்யும் மானிட்டரை 80 முதல் 120க்குள் இறக்கி, கலரிமீட்டர் கருவியை அதன் மேல் தொங்கவிட்டு அளந்து சரிசெய்துகொள்ள வேண்டும்.

கருப்பிலும் இதே கதை. நல்ல மானிட்டரில் வெள்ளைக்கும் கருப்புக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பளபளப்புத் தாளில் நூறு முதல் இருநூறு மடங்கு, மேட் தாளில் இன்னும் குறைவு. கொண்டைக்குள் கூந்தல் இழை இழையாகத் திரையில் தெரிந்தது தாளில் ஒரே கருப்பாகும். நிழல்களை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுவது இதற்காகத்தான்.

நிறமும் வெளிச்சமும் முடிந்த பிறகு கோப்பைச் சேமிக்கும் கட்டம். லேப்கள் பெரும்பாலும் கேட்பது ஜேபெக். 1992இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறையின் இதயத்தில் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமதின் கணிதம் இருக்கிறது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1972இல் இந்த யோசனைக்கு அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பிடம் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையானது என்று மதிப்பீட்டாளர்களுக்குப் பட்டது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் கட்டுரையாக வெளியிட்ட அந்தக் கொசைன் உருமாற்றம் இன்று ஏறக்குறைய ஒவ்வொரு செல்போனிலும் ஓடுகிறது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான, வேகமான அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத வேக அலைகளைக் கழித்துவிடும்.

அளவோடு கழித்தால் தாளில் எதுவும் தெரியாது. போட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையான அளவுகோலில் 10க்கு மேல் வைத்தால் போதும். திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமிக்கும்போதுதான் இழப்பு கூடிக்கொண்டே போய், வானத்திலும் கன்னத்திலும் கட்டங்கள் தலைகாட்டும், ஜரிகை ஓரத்தில் அழுக்குப்போலப் படியும். அதனால் வேலை முடியும்வரை 16 பிட் டிஃப் அல்லது பிஎஸ்டி கோப்பில் வைத்திருந்து, கடைசியில் ஒரே தடவை 8 பிட் ஜேபெக் ஆக்குவது நல்ல வழக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவது இந்த உழைப்பு மொத்தத்தையும் வீணாக்கும். சாதாரண அனுப்புதலில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. அது 4×6க்கே மட்டுமட்டாகத்தான் போதும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

தாளில் எந்தப் படமும் திரையில் இருந்ததைவிடச் சற்று மழுங்கியே தெரியும், ஏனென்றால் வெளிச்சம் சாய அடுக்குக்குள்ளும் வெள்ளை அடித்தளத்திலும் கொஞ்சம் சிதறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டக் கடைசியாக ஒரு ஷார்ப்னிங் வேண்டும். அன்ஷார்ப் மாஸ்க் என்ற கருவி கம்ப்யூட்டருக்கு முன்பே இருட்டறையில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஆங்கிலோ ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் டேவிட் மாலின் 1970களில் வானத்தைப் பதிவுசெய்த கண்ணாடித் தகட்டுக்கு வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் நகல் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிட்டார். மங்கலான பகுதி கழிந்து, விண்மீன் திரள்களின் நுட்பங்கள் வெளியே வந்தன. மென்பொருள் செய்வது அதே கழித்தல்.

அளவை மாற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் அளவு மாறும்போது அது கலைந்துவிடும். 300 பிக்சல் கோப்பில் ஷார்ப்னிங்கின் ஆரம் ஒரு பிக்சல் என்றால் தாளில் 0.085 மில்லிமீட்டர், கண் அதைக் கோடாகப் பார்க்காது, கூர்மையாக மட்டும் உணரும். திரையில் கொஞ்சம் கரகரப்பாகத் தெரிந்தால் தாளுக்குச் சரி. கண், நகை, ஜரிகைக்கு அது போகட்டும், கன்னத்தில் படாதபடி மறைத்துவிட வேண்டும். லேபும் தன் பங்குக்கு ஷார்ப்னிங் செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டும் சேர்ந்து முடியெல்லாம் கம்பியாக நிற்கும்.

எல்லாம் சரியாகச் செய்த கோப்பையும் கெடுக்கக்கூடிய ஒன்று லேபில் காத்திருக்கிறது: தானியங்கித் திருத்தம். இதன் வேர் கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் 1940களில் கண்ட ஒரு வழியில் இருக்கிறது. சாதாரணப் படங்களில் எல்லா நிறத்தையும் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று கண்ட அவர், பிரிண்டரை அந்தச் சாம்பலுக்கு இழுக்கச் செய்தார். கோடிக்கணக்கான சுற்றுலாப் படங்களுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் சிவப்புத் திரைக்கு முன்னால் சிவப்புச் சேலை கட்டி நிற்கும் மணப்பெண்ணின் சராசரி சாம்பல் இல்லை. இயந்திரம் சிவப்பைக் குறைக்கப் போய், முகத்தில் பச்சை நீலம் அடிக்கும்.

சராசரி மனித முகத்திலும் புகுந்தது. 1950களிலிருந்து கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் பிரிண்டில் வெள்ளைத் தோல் பெண் ஒருவரே இருந்தார். கோடாக்கின் ஷெர்லி பேஜ் என்ற மாடலின் பெயரால் அந்த அட்டைகளே ஷெர்லி கார்டு ஆயின. அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோலின் நுட்பங்கள் பிலிமில் தேறாமல் போனதையும், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் பிரித்துத் தெரியவில்லை என்று முறையிட்டது பிலிம் திருந்த ஒரு காரணமானதையும் கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். வெவ்வேறு இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இன்றைய மென்பொருள் முகத்தைக் கண்டுபிடித்துக் கணக்குப் போடுகிறது. ஆனாலும் சராசரியை நோக்கி இழுக்கும் குணம் முற்றும் போய்விடவில்லை. கருப்புப் பின்னணியில் மாநிறமான பாட்டியின் முகத்தை நெருக்கமாக எடுத்தால் அதை இருட்டுப் படம் என்று நினைத்து வெளுக்கும். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை வேட்டியில் நிற்கும் தாத்தாவை வெளிச்சம் கூடிய படம் என்று நினைத்துக் கருக்கும். பாட்டியின் நிறம் பாட்டியுடையது. அதைத் திருத்தும் உரிமை எந்தச் சராசரிக்கும் கிடையாது. திருத்தி முடித்த கோப்பை அனுப்பும்போது ஆர்டரில் ‘கலர் கரெக்ஷன் வேண்டாம்’ என்று தெளிவாக எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் வருவது முழுக்க அனுப்பியவரின் பொறுப்பு. அதனால்தான் முதலில் சோதனை பிரிண்ட்.

சோதனைக்கு முழுப் படமும் வேண்டியதில்லை. 20×30 அங்குலம் போடப்போகும் கோப்பிலிருந்து முகம், சேலை, இருண்ட மூலை என்று மூன்று பகுதிகளை அளவு மாற்றாமல் அப்படியே வெட்டி, ஒரு 8×12க்குள் அடுக்கி அதே தாளில் போடச் சொன்னால், சின்னச் செலவில் பெரிய படத்தின் கூர்மையும் நிறமும் கைக்கு வந்துவிடும். அதைப் பார்க்கும் வெளிச்சத்துக்கும் சர்வதேசத் தரம் இருக்கிறது: 5000 கெல்வின் பகல் வெளிச்சம், துல்லியமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ், சாதாரண மதிப்பீட்டுக்கு 500. அப்படி விளக்கு இல்லாதவர்கள் வெயில் நேராக விழாத ஜன்னலோரம் பகலில் பார்க்கலாம். பிறகு படம் மாட்டப்போகும் அறையின் எல்இடி விளக்கிலும் ஒரு தடவை. இருண்டிருந்தால் முதலில் மானிட்டரின் பிரகாசத்தைச் சரிபார்த்துவிட்டுக் கோப்பைத் தொடுவது நல்லது. சோதனை பிரிண்டின் பின்னால் தாளின் பெயரையும் தேதியையும் மார்க்கரில் எழுதி வைத்தால் அடுத்த ஆர்டருக்கு உதவும். தாள் லஸ்டரிலிருந்து மெட்டாலிக்குக்கு மாறினால் கருப்பும் வெள்ளையும் மாறும். புது புரொஃபைல் வாங்கி, இன்னொரு சோதனை பிரிண்ட் போட வேண்டியிருக்கும்.